ஜப்பானிய மொழியா, சீன மொழியா: தமிழருக்கு எது கடினம், எதைத் தேர்ந்தெடுப்பது?

கிழக்காசிய மொழி ஒன்றைப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் இணையத்தில் தேடுவது "எது கஷ்டம்?" என்பதைத்தான். தேடினால் பெரும்பாலும், எந்த மொழியைக் கற்க எத்தனை வாரம் ஆகும் என்று சொல்லும் ஒரே பட்டியல் வந்து நிற்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்திய அனுபவத்தில் தயாரித்தது அது. அதில் ஸ்பானிய மொழிக்கு ஏறக்குறைய 30 வாரம் போட்டிருக்கும். சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம், அதாவது 2200 வகுப்பு மணி நேரம். இந்தக் கடைசிப் பிரிவுக்குள்ளேயே ஜப்பானியத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு, மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதல் கடினம் என்று பழைய பட்டியல்கள் சொல்லும்.

அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழுக்கு 44 வாரம், 1100 மணி நேரம். ஸ்பானியத்தைவிடக் கடினமான மொழி என்று அர்த்தம். இதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர் நின்ற இடத்திலிருந்து அளந்த தூரம் இது. நாம் நிற்கும் இடம் வேறு, ஆகவே தூரமும் வேறு. எத்தனையோ தமிழ் மாணவர்கள் இந்த 2200 மணி நேரக் கணக்கைப் பார்த்து மிரண்டு, தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. இரண்டு மொழிகளையும் படித்தவன், ஜப்பானியத்தில் தொடக்க வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், தமிழிலிருந்து அளந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாக என் கணிப்பு இது. ஜப்பானியம் தமிழருக்குச் சமவெளியில் தொடங்கி மலையில் முடியும் பாதை. சீனம் முதல் அடியிலேயே செங்குத்தான ஏற்றம். ஏறி முடித்தால் மேலே நெடுந்தூரம் சமதளம். யார் எந்தப் பாதையில் போவது என்பதை, எதற்காகப் படிக்கிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஜப்பானியம்: வாக்கியம் நம்முடையது போலவே ஓடும்

"நான் நேற்று கடையில் புத்தகத்தை வாங்கினேன்." இதை ஜப்பானியத்தில் சொன்னால் "வதாஷி வா, கினோ, மிசெ தெ, ஹொன் ஓ, காய்மாஷ்தா". வதாஷி நான், கினோ நேற்று, மிசெ கடை, ஹொன் புத்தகம், காய்மாஷ்தா வாங்கினேன். "தெ" நம் "இல்", "ஓ" நம் "ஐ". ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், வினை கடைசியில் வரும். இன்னும் ஒரு சௌகரியம்: வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறாது. வாங்கினேன், வாங்கினான், வாங்கினார்கள் எல்லாமே காய்மாஷ்தாதான். தமிழ் கற்க வரும் ஜப்பானியருக்குத்தான் இந்த விஷயத்தில் சிரமம் அதிகம்.

ஒற்றுமை வாக்கிய வரிசையோடு நிற்பதில்லை. நாம் "சாப்பிட்டுப் பார்" என்று சொல்கிறோம். இதில் "பார்" கண்ணால் பார்ப்பதைக் குறிக்கவில்லை. முயன்று பார் என்று பொருள். ஜப்பானியரும் "தாபெதெ மிரு" என்பார்கள். "தாபெதெ" சாப்பிட்டு, "மிரு" பார். கொண்டு போ, கொண்டு வா என்பவற்றுக்கும் அப்படியே "மொத்தெ இகு", "மொத்தெ குரு". நம் "உம்" போல அவர்களுக்கு "மொ": நானும் என்பது "வதாஷி மொ", யாரும் என்பது "தாரெ மொ", சாப்பிட்டாலும் என்பது "தாபெதெ மொ". காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்லும் "இத்தெகிமாஸ்" என்பதைப் பிரித்துப் பார்த்தால் "போயிட்டு வரேன்". வீட்டில் இருப்பவர் பதிலுக்குச் சொல்லும் "இத்தெராஷாய்" நம் "போயிட்டு வாங்க". வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவர்கள் முகத்தில் தெரியும் தெம்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்னொரு படி அனுகூலம். ஜப்பானியத்தில் சுட்டு மூன்று வகை: "கொரெ" பேசுகிறவர் பக்கத்தில் இருப்பது, "சொரெ" கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது, "அரெ" இருவருக்கும் தொலைவில் இருப்பது. வினா "தொரெ". தமிழ்நாட்டில் இது, அது, எது என்று மூன்றாகச் சுருங்கிவிட்ட வரிசையில், யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் "சொரெ"வுக்கு இணையான "உது" உயிரோடு இருக்கிறது. சென்னை மாணவருக்குப் படம் போட்டு விளக்க வேண்டிய பாடம், யாழ்ப்பாண மாணவருக்கு ஒரே வரியில் முடியும்.

கொடுக்கல் வாங்கல் வினைகளைப் பற்றி ஜப்பானியப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். எனக்கு ஒருவர் தந்தால் "குரெரு", நான் இன்னொருவருக்குக் கொடுத்தால் "அகெரு". ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒரே வினை, எனவே குழப்பம். தொல்காப்பியம் "தா" என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, "கொடு" படர்க்கைக்கு உரியது என்று பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வரையறை தளர்ந்திருந்தாலும், "எனக்குத் தந்தார்", "அவருக்குக் கொடுத்தேன்" என்ற இரண்டின் வேறுபாடு நம் காதில் இன்னும் இருக்கிறது. அந்தக் காதை வைத்தே இந்தப் பாடத்தைத் தாண்டலாம். மூன்றாவதாக "மொராவ்" என்று ஒன்று வரும். ஒருவரிடமிருந்து ஓர் உதவியைப் பெற்றுக்கொள்வதைப் பெறுகிறவர் பக்கமிருந்து சொல்வது. அதற்கு மட்டும் தனியாக உழைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இதே வாக்கிய அமைப்பு கொரியத்திலும் மங்கோலியத்திலும் துருக்கியத்திலும் உண்டு. உறவு இருக்கிறதோ இல்லையோ, மொழி கற்பவருக்கு அமைப்பு ஒத்துப்போவதே பெரிய வரம்.

உச்சரிப்பும் நமக்குச் சாதகம். குறில் நெடில் வேறுபாடு ஜப்பானியத்தில் பொருளையே மாற்றும்: "ஒபசான்" என்றால் அத்தை, "ஒபாசான்" என்றால் பாட்டி. "கிதெ" வந்து, "கித்தெ" தபால்தலை. படு, பட்டு என்று பேசிப் பழகிய நமக்கு இதெல்லாம் பாடமே அல்ல. ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சொல்லின் நடுவில் வரும் ககரத்தை நாம் மெலிதாகச் சொல்லிப் பழகியவர்கள். "பகல்" என்பதில் வரும் "க" போல. ஜப்பானியத்தில் வல்லோசை "காகி" ஒரு பழம், மெல்லோசை "காகி" சாவி. எழுத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதும் பழக்கத்திலிருந்து வெளியே வர, முதல் சில வாரங்கள் யாராவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பானியத்தின் மலை

சமவெளி இங்கே முடிகிறது. ஜப்பானியத்துக்கு மூன்று எழுத்து முறைகள். ஹிராகனா 46, கதகனா 46. இரண்டும் ஒலியெழுத்துகள், முனைந்து படித்தால் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். மூன்றாவது கான்ஜி, சீனாவிலிருந்து போன எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சீனத்துக்கு இதைவிட அதிகம் வேண்டும். ஆனால் ஜப்பானியத்தில் ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்க வேண்டும். சீனாவிலிருந்து எழுத்து வந்தபோது கூடவே சீன உச்சரிப்பும் வந்தது. அதுவும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பகுதிகளிலிருந்து. அதோடு அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே இருந்த ஜப்பானியச் சொல்லையும் அதே எழுத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள்.

"நாள், சூரியன்" என்ற பொருளுள்ள மிக எளிய எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. சீனத்தில் அதற்கு ஒரே வாசிப்பு. ஜப்பானியத்தில் நிச்சி, ஜிட்சு, ஹி, பி, கா என்று பல. ஞாயிற்றுக்கிழமை "நிச்சி-யோ-பி": மூன்று எழுத்து, முதலும் கடைசியும் இதே எழுத்துதான், ஒன்று நிச்சி, இன்னொன்று பி. "இன்று" என்று எழுதினால் இரண்டாவது எழுத்து இதுவே. ஆனால் இரண்டு எழுத்தும் சேர்ந்து "க்யோ" என்று ஒலிக்கும், எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று பிரிக்கவே முடியாது. மாதத்தின் முதல் தேதி "ட்சுயிதாச்சி", இரண்டாம் தேதி "ஃபுட்சுகா". முதல் ஆண்டில் கற்கும் ஓர் எழுத்துக்கே இத்தனை. இதற்கு விதி தேடிப் பயனில்லை. சொல் சொல்லாகத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். எழுத்தைத் தனியாக எடுத்து அதன் எல்லா வாசிப்புகளையும் மனப்பாடம் செய்யும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; மாணவர்கள் சோர்ந்துபோவது அங்கேதான்.

அடுத்தது மரியாதை வழக்கு, "கெய்கோ". நீ, நீங்கள் என்று பேசும் நமக்கு மரியாதைப் பேச்சு புதிதல்ல. ஆனால் ஜப்பானியத்தில் சாப்பிடுவதற்குப் பொது வினை "தாபெரு", எதிரில் இருப்பவர் சாப்பிட்டால் "மெஷிஅகாரு", நான் பணிவாகச் சொன்னால் "இததாகு". வினையே மாறுகிறது. அதைவிடச் சிக்கல், யாரை உயர்த்துவது என்பதில் இருக்கிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் உங்கள் மேலாளரைக் கேட்டால், மேலாளரின் பெயரோடு மரியாதை ஒட்டான "சான்" சேர்க்காமல், பணிவு வினையில் சொல்ல வேண்டும். வெளியாரிடம் பேசும்போது மேலாளரும் உங்கள் பக்கத்து ஆள். நம் ஊரில் "சார் வெளியே போயிருக்காங்க" என்று மேலாளரை உயர்த்திச் சொல்லியே பழகியவர்களுக்கு இது வாயில் வரவே வராது. ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்யப் போகிறவர்கள் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

எண்ணும் முறையிலும் கொஞ்சம் கரடுமுரடு உண்டு. பென்சில் போன்ற நீளமான பொருள்கள் ஒன்று "இப்போன்", இரண்டு "நிஹோன்", மூன்று "சம்போன்". சீனத்திலும் பொருளுக்கேற்ற அளவுச் சொல் உண்டு, ஆனால் ஒலி இப்படி உருமாறாது.

சீனம்: முதல் ஏற்றம் காதுக்கு

சீனத்தில் சிரமம் முதல் பாடத்திலேயே தொடங்கும். வடசீனப் பொதுமொழியான மாண்டரினில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், அதாவது தொனிகள், நான்கு; கூடவே தொனி இல்லாத லேசான அசை ஒன்று. முதல் தொனி மேலே சமமாக நிற்கும், இரண்டாவது ஏறும், மூன்றாவது தாழ்ந்து நிற்கும், நான்காவது சட்டென்று இறங்கும். தொனி நீங்கலாகப் பார்த்தால் மொத்த மொழியிலும் ஏறக்குறைய 400 அசைகள்தான். அதனால் தொனியை விட்டுவிட்டால் சொற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். "மாய்" மூன்றாம் தொனியில் வாங்கு, நான்காம் தொனியில் விற்பது. "தாங்" முதல் தொனியில் சூப், இரண்டாம் தொனியில் சர்க்கரை.

தமிழருக்கு இதில் தனியாக ஓர் இடறல் உண்டு. வகுப்புகளில் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை. நாம் கேள்வி கேட்கும்போது வாக்கிய முடிவில் குரலை ஏற்றுவோம், வியப்புக்கு ஒரு மாதிரி, சலிப்புக்கு ஒரு மாதிரி. சீனத்தில் அந்தப் பழக்கத்தோடு கேள்வி கேட்டால், கடைசிச் சொல்லின் தொனி மாறி வேறு சொல்லாகிவிடும். கேள்விக்கு அங்கே "மா" என்ற இடைச்சொல் இருக்கிறது, நம் "ஆ" போல வாக்கியத்தின் கடைசியில் வரும். கேள்வி வேலையை அது பார்த்துக்கொள்ளும். குரலில் உணர்ச்சியை ஏற்றாமல் பேசிப் பழகுவதுதான் நமக்கு முதல் பயிற்சி.

இரண்டாவது பயிற்சி மூச்சு. சீனத்தில் ப, த, க ஒவ்வொன்றும் இரண்டு: மூச்சுத் தள்ளாதது, மூச்சுத் தள்ளியது. பின்யின் என்ற உரோமன் எழுத்து முறை, 1958இல் சீனா ஏற்றுக்கொண்டது, பகரத்தில் முதலாவதைப் பம்பாயின் முதல் ஆங்கில எழுத்தாலும் இரண்டாவதைப் பேப்பரின் முதல் எழுத்தாலும் எழுதுகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முதலாவதை அதிரும் ஒலியாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது நாம் "மழை பெய்கிறது" என்று சொல்லும்போது சொல்லின் தொடக்கத்தில் வரும் தமிழ் "ப" தான். பெய்ஜிங் நகரத்தின் முதல் அசை, அந்தப் "பெய்" அப்படியே. தொனியை மட்டும் சேர்த்தால் போதும். மூச்சுத் தள்ளும் ஒலிக்கு, உதட்டின் முன் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அது அசைகிறதா என்று பார்த்துப் பழகலாம். பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும்.

நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் தமிழ் வாய்க்கு அனுகூலம் உண்டு. "மனிதர்" என்று பொருள்படும் சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் அருகில் இருக்கிறது. மற்ற வெளிநாட்டவர் மாதக்கணக்கில் போராடும் இடம் அது. ஆனால் ச வரிசையில் நாக்கை மடித்தும் மடிக்காமலும் சொல்லும் இரண்டு வகைகளைப் பிரித்துக் கேட்க நமக்கும் பயிற்சி வேண்டும்.

என் அனுபவத்தில், தொனியைத் தனிச் சொல்லாகப் பழகுவது போதாது. இரண்டு அசைச் சொற்களில் முதல் அசைக்கு நான்கு தொனி, இரண்டாம் அசைக்கு ஐந்து வாய்ப்பு, ஆக 20 சேர்க்கைகள். இந்த 20க்கும் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துத் தினமும் பாடம் சொல்வது போல உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது ஏறு தொனியாகிவிடும்; "நீ ஹாவ்" என்ற வணக்கமே அதற்கு உதாரணம். இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தவர்கள், பின்னால் எத்தனை சொல் படித்தாலும் சீனர்களுக்குப் புரியாத சீனம்தான் பேசுகிறார்கள். அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

ஏறி முடித்த பின்

ஒலி வசப்பட்ட பின் சீனம் கற்பவரிடம் இரக்கம் காட்டும். வினைக்குக் காலவிகுதி இல்லை, பெயருக்குப் பொதுவாகப் பன்மை விகுதி இல்லை, பால் இல்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை ஆங்கிலம் போல இருந்தாலும், பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் தமிழ் வரிசையிலேயே சொல்லலாம். வினாச் சொல்லும் இருந்த இடத்திலேயே இருக்கும். சிக்கலான இடம் "ல" என்ற இடைச்சொல். இறந்தகாலம் என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுவோம். அது செயல் முடிந்ததையோ நிலைமை மாறியதையோ காட்டுவது. நிறைய வாசித்துத்தான் பிடிபடும்.

எழுத்துக்கு வருவோம். சீன அரசு 1988இல் வெளியிட்ட பட்டியலில் முதல் நிலை எழுத்துகள் 2500. பொதுவான உரைநடையில் ஏறக்குறைய 98 விழுக்காட்டை இவை அடக்கிவிடும். 2500 என்பது பெரிய எண்தான். ஆனால் மிகப் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே வாசிப்பு. அதோடு பெரும்பாலான எழுத்துகள் பொருளைக் காட்டும் ஒரு கூறும் ஒலியைக் காட்டும் ஒரு கூறும் சேர்ந்து ஆனவை. நீலத்தையும் பச்சையையும் குறிக்கும் ஓர் எழுத்துக்கு "ச்சிங்" என்று ஒலி. அதோடு நீர்க் கூறு சேர்ந்தால் தெளிவு, மனக் கூறு சேர்ந்தால் உணர்வு, பேச்சுக் கூறு சேர்ந்தால் வேண்டிக் கேட்பது, சூரியக் கூறு சேர்ந்தால் வெளுத்த வானம். எல்லாமே "ச்சிங்", தொனிதான் வேறு. ஒன்றைக் கற்றால் ஐந்து கிடைக்கிறது. இதே ஐந்தையும் ஜப்பானியத்தில் எடுத்தால் செய், ஜோ என்று சீன வழி வாசிப்புகள் பிரிந்துபோகும். அதன் மேல் அஓ, கியோ, நசகே, ஹரே என்று ஜப்பானியச் சொற்கள் தனித்தனியாக வந்து ஏறும். ஒரே எழுத்து இரண்டு மொழிகளில் வேறு வேறு உழைப்பைக் கேட்பதை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

சொல்லாக்கமும் சீனத்தில் தெளிவு. மின்சாரத்துக்கான எழுத்தோடு மூளை சேர்ந்தால் கணினி, பேச்சு சேர்ந்தால் தொலைபேசி, நிழல் சேர்ந்தால் திரைப்படம். ஜப்பானியர் கணினியை "கொன்ப்யூதா" என்று ஆங்கிலத்திலிருந்து எடுத்துக் கதகனாவில் எழுதிவிடுவார்கள். பஸ்ஸு, கேக்கு என்று உகரம் சேர்த்துப் பேசும் நமக்கு ஜப்பானியரின் "பாசு", "கேகி" காதில் விழுந்ததும் புரியும். அந்த வகையில் ஜப்பானியம் சில ஆயிரம் சொற்களை நமக்கு இலவசமாகத் தருகிறது. சீனம் அப்படித் தருவதில்லை.

பெரிய எண்கள் இரண்டு மொழியிலும் ஆயிரத்தை விட்டுப் பத்தாயிரத்தில் திரும்பும். லட்சம், கோடி என்று எண்ணும் நமக்குக் கணக்கு எளிது: ஒரு லட்சம் பத்துப் பத்தாயிரம், பத்துக் கோடிக்கு அங்கே ஒரே சொல்.

எதற்காகப் படிக்கிறீர்கள்?

ஜப்பானில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜப்பானியம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசா திட்டத்தில் முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டடத் துப்புரவு போன்ற துறைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்கிறார்கள். இலங்கை 2019இலும் இந்தியா 2021இலும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மொழித் தகுதியாக, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் (என்-5 மிக எளிது, என்-1 மிகக் கடினம்) என்-4 நிலையோ, அதற்கு இணையான அடிப்படைத் தேர்வோ பெரும்பாலான துறைகளுக்குப் போதும்; பராமரிப்பு வேலைக்குக் கூடுதலாக ஒரு துறைமொழித் தேர்வு. என்-4 வரையிலான பாதை முழுக்க நான் சொன்ன சமவெளியில்தான் இருக்கிறது. தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்து, ஆங்கிலம் தடுமாறும் செவிலியர் மாணவிகள் ஜப்பானிய வகுப்பில் முன்வரிசைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்காமல் தமிழிலிருந்து நேராகப் போகிறார்கள், அதுதான் காரணம். கற்றுக்கொடுப்பவர்களும் தமிழை வைத்தே கற்றுக்கொடுத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்!

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வு கிடையாது, எழுதிக் காட்டுவதும் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். சான்றிதழ் கையில் இருந்தும் பேச வராதவர்கள் நிறைய. பராமரிப்பு இல்லத்தில் முதியவர் வட்டார வழக்கில் பேசுவார், நாளின் முடிவில் பராமரிப்புப் பதிவை எழுதவும் வாசிக்கவும் கான்ஜி வேண்டும். என்-4 என்பது உள்ளே நுழையும் அனுமதி. அங்கே போனதும் மலையேற்றம் தொடங்கிவிடும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மென்பொருள் துறையிலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜப்பானிய ஆலைகளில் மொழிபெயர்ப்பு வேலைக்கும் என்-3, என்-2 கேட்பார்கள். அதற்கு ஆண்டுக் கணக்கில் உழைப்பு வேண்டும்.

வணிகம் என்றால் சீனம். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கான்டன் வணிகச் சந்தைக்கும், யீவூ நகரத்தின் சில்லறைப் பொருள் சந்தைக்கும் போய்ச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு எழுத்தைவிடக் காதும் வாயும் முக்கியம். அதிலும் எண்கள். நான்கு "ஸ", இறங்கு தொனி. பத்து "ஷ", ஏறு தொனி. தெற்கத்திச் சீனர் பலர் நாக்கை மடிக்காமல் இரண்டையும் "ஸ" என்றே சொல்வார்கள். அப்போது 14க்கும் 40க்கும் இடையில் தொனி மட்டும்தான் வித்தியாசம். விலை பேசும் இடத்தில் இதைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. வணிகர்களுக்கு நான் சொல்வது: எழுத்தைத் தள்ளிப் போடுங்கள், முதல் ஆறு மாதம் முழுக்கத் தொனிக்கும் எண்ணுக்கும் கொடுங்கள்.

சீனாவில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும், மருத்துவமனைப் பயிற்சிக்குச் சீன மொழித் திறன் தேர்வான எச்.எஸ்.கே.யின் நான்காம் நிலையைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. 2010 முதல் நடந்துவந்த ஆறு நிலைத் திட்டத்தில் அது 1200 சொற்கள். 2021இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரநிலை வந்திருக்கிறது, அதில் சொற்கள் கூடுதல். சேரும் கல்லூரி எந்தத் திட்டப்படி கேட்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நோயாளியிடம் எங்கே வலி என்று கேட்கத் தெரியாமல் மருத்துவம் கற்க முடியாது. ஆகவே முதலாண்டிலிருந்தே படியுங்கள்.

தமிழ்நாட்டிலேயே இருந்துகொண்டு வேலைவாய்ப்புக்காகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். செய்யாறு பக்கத்துக் காலணி ஆலைகள், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலைகள் பலவற்றின் பின்னால் தைவான் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே வரும் பொறியாளர்கள் பேசுவது மாண்டரின். சென்னையில் ஜப்பானிய வகுப்புகள் தெருவுக்குத் தெரு பெருகிவிட்டன. சீன வகுப்புகள் குறைவு, பேசத் தெரிந்தவர்களும் குறைவு. இதைச் சிரமம் என்றும் பார்க்கலாம், வாய்ப்பு என்றும் பார்க்கலாம். நான் வாய்ப்பு என்றே பார்க்கிறேன். தைவானில் சுருக்காத பழைய எழுத்துகள், சீனாவில் சுருக்கிய எழுத்துகள். யாரோடு வேலை என்று தெரிந்தபின் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு மாண்டரின் தினமும் காதில் விழும் மொழி. மலேசியாவில் சீனப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தொனியைப் பாடமாகப் படிக்காமலே பேசுகிறார்கள். அவர்களுக்கு முதல் ஏற்றம் என்பதே இல்லை. சீனத்தை விட்டு ஜப்பானியத்துக்குப் போக வேலையோ விருப்பமோ தனியாக இருக்க வேண்டும். அனிமே பார்த்து ஜப்பானியத்தில் மனம் போனவர்களுக்கும், சீனத் தொடர்களில் மூழ்கியவர்களுக்கும் நான் எந்த ஒப்பீடும் சொல்ல மாட்டேன். விருப்பம் உள்ள பக்கமே போகலாம். இரண்டு மொழியுமே வருடக்கணக்கில் கூட வரவேண்டியவை.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு வரிசை முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஒரே எழுத்துக்கு இரண்டு மொழி ஒலிகளும் தலைக்குள் கலந்துவிடும். வாசிப்பு, ஆய்வு என்று நோக்கம் இருந்தால் சீனம் முதலில்: கான்ஜியின் பொருள் பெரும்பாலும் தெரிந்த நிலையில் ஜப்பானியத்துக்குள் போகலாம். "நாடு" என்ற எழுத்து சீனாவிலும் ஜப்பானிலும் ஒன்றே. "படம்" என்ற எழுத்துக்குச் சீனா, ஜப்பான், தைவான் மூன்றிலும் மூன்று வடிவம். ஜப்பானியத்தில் "கடிதம்" என்று எழுதும் அதே இரண்டு எழுத்தைச் சீனர் கழிப்பறைக் காகிதம் என்று வாசிப்பார்கள். இந்த மாதிரிப் பொறிகளுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை அவசரம் என்றால் ஜப்பானியம் முதலில், என்-3 முடித்த பின் சீனம். அந்த நிலையில் சில நூறு எழுத்துகளாவது கண்ணுக்குப் பழகியிருக்கும். சீனத்தில் அப்போது எழுத்துக்குச் செலவாகும் நேரத்தை எடுத்து முழுக்கத் தொனிப் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.